மூன்று புள்ளி வைத்த கொம்பு வண்டி

காலை எட்டு மணி. உருக்காலை கேட். என் ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொரு கால் பெடலில்.

"எறங்கும்மா" என்றார் மேனேஜர்.

இறங்கினேன்.

"சைக்கிள் இங்கயே இருக்கட்டும். இது கம்பெனி மால், கம்பெனி சொத்து."

எனக்குப் பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வழி மறித்துவிட்டதால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இருவது வருசத்துக்கு மேல ஓட்டிக்கினு வரேன் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். இருவது வருசமா கம்பெனி மாலை ஓட்டிக்கினு இருக்கே. கேட் பாஸ் இருக்கா?"

இல்லை.

"அப்ப இது திருட்டுதானே?"

அந்த வார்த்தையை முப்பது பேருக்கு முன்னால் சொன்னார். வாட்ச்மேன் என் கையிலிருந்து வண்டியை வாங்கினார். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உள்ளே போய் வேலையைப் பார்த்தேன்.

போன வாரம் ஆர்.கே.பேட்டையில் கரும்பு வெட்டிய நாட்களைப் பற்றி எழுதினேன். அதோடு வந்த படத்தில் என் பக்கத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறதே, அது என்ன வண்டி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு முன்னாலும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். எழுதிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. என் பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் பழைய இரும்பு பிரிக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

தராசு ஏறாத நாள்

எங்கள் ஆலைக்கு வெளிநாட்டுப் பழைய இரும்பு கன்டெய்னரில் வரும். கொட்டினால் மலை மாதிரி நிற்கும். அதிலிருந்து ரப்பர், அலுமினியம், பித்தளை, மூடிய சிலிண்டர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது எங்கள் வேலை. மூடிய சிலிண்டர் ஒன்று உலைக்குள் போனால் வெடிக்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் மிஞ்ச மாட்டான். அதனால் கண் தப்பக் கூடாது.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு வாசனை உண்டு. ஒன்றைத் திறந்தால் சோப்பு மணக்கும். பார்த்தால் முழுக்கத் துணி துவைக்கிற மிஷின். இன்னொன்றில் பூனை மூத்திரம் குடலைப் பிடுங்கும். ஒருமுறை பியானோவின் இரும்புச் சட்டம் வந்தது. கம்பிகள் அறுபடாமல் இருந்தன. காந்தக் கிரேன் அதைத் தூக்கிப் போட்டபோது எல்லாக் கம்பியும் ஒன்றாகக் கத்தின. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

சைக்கிள் வந்த லோடில் தைல வாசனை. கூடவே ஊசி ஊசியாக உலர்ந்த இலைகள் கொட்டின. அப்படி இலை எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று லாரி எடை போடுகிற மேடைக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். அன்று தராசு சாமி. அதன் மேல் எதையும் ஏற்றக் கூடாது. அன்று மட்டும் ஒவ்வொரு தொழிலாளியும் குவியலிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். பெரிய முதலாளி கொடுத்த வாக்கு அது. எடை கிடையாது. எடை போட்டால்தான் சீட்டு வரும். ஆகவே சீட்டும் கிடையாது. கேட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

சிலர் ஏணி எடுப்பார்கள். சிலர் ஜன்னல் கம்பி. அந்த வருஷம் குவியலிலிருந்து ஒரு ஜோடிக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிடித்து இழுத்தேன். சைக்கிள் வந்தது.

கைப்பிடி நம் ஊர் சைக்கிள் மாதிரி இல்லை. நடுவிலிருந்து இரண்டு கம்பி பிரிந்து, மாட்டுக்கொம்பு மாதிரி விரிந்து போயிற்று. டயர் தடிமன். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை. கியர் எல்லாம் துருப்பிடித்து ஒரே கட்டி. உடம்பு முழுக்க மண்ணும் தாரும். அடியில் என்ன நிறம் என்றே தெரியவில்லை.

எங்கள் மேஸ்திரி வெங்கடேசலு ஆந்திரா பக்கம். அவர்தான் முதலில் சிரித்தார்.

"இன்னா எஸ்தரு, மாடு புடிச்சுட்டியா?"

"ஆம்பள சைக்கிளாச்சேடி. எப்படிக் காலைப் போடுவே?" என்றாள் கூட வேலை செய்தவள்.

"தூக்கித்தான்" என்றேன்.

முனுசாமி அண்ணன் பார்த்த பொறி

அதை எடுக்கலாமா வேண்டாமா என்று எனக்கும் யோசனைதான். வருஷத்துக்கு ஒரு பொருள். வீட்டில் கதவு இல்லை. இரும்புக் கதவு ஒன்று குவியலில் கிடந்தது. ஆனால் எளாவூர் பக்கத்தில் இருக்கிற என் வீட்டிலிருந்து ஆலைக்கு நாலு கிலோமீட்டர். போக வர எட்டு. இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தேன்.

முனுசாமி அண்ணனைக் கேட்டேன். அவர் பொறி பார்ப்பவர். இரும்பைக் கிரைண்டரில் தொட்டால் பொறி பறக்கும். சாதா இரும்பு என்றால் பொறி நீளமாக ஓடும். வார்ப்பு இரும்பு என்றால் குட்டையாக, சிவப்பாக அடங்கும். உலையில் எதை எதோடு போடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்வார். லேபில் மிஷின் வந்த பிறகும் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள்.

சீட் கம்பி நுழைகிற குழாயின் மேல் விளிம்பில் கிரைண்டரை ஒரு தொடு தொட்டார். இன்னொரு தொடு.

"தோ பாரு. பொறி ஓடி முடியற எடத்துல நுனி தனியா நிக்குது பாரு, ஈட்டி மாதிரி. இது சாதா பைப்பு இல்ல எஸ்தரு. கப்பல்லயோ ஏரோப்ளேன்லயோ போடற சரக்கு."

"சைக்கிள்ல எதுக்குண்ணா போட்டான்?"

"அது அவனைத்தான் கேக்கணும்."

கேட்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அப்போது தெரியாது.

சைக்கிளை எடுத்தேன். கதவை அடுத்த வருஷம் எடுத்தேன்.

கேரியர் வேண்டும் என்று வெல்டிங் வைக்கச் சொன்னேன். அண்ணன் மறுத்துவிட்டார். "பைப்பு முட்டை ஓடு மாதிரி மெலிசு. நெருப்பு வச்சா ஓட்டை வுழும்." கிளாம்பு போட்டு முடுக்கிக் கொடுத்தார். கியரைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளூர் செயின், உள்ளூர் பெடல். இரண்டாயிரம் முறை அந்தக் கிளாம்பு கழன்றிருக்கும். அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை.

வருஷத்துக்கு ஒரு நிறம்

ஆயுத பூஜைக்குக் கம்பெனி பெயின்ட் வாங்கும். எந்த நிறம் மலிவோ அந்த நிறம். எடைமேடைக் கைப்பிடிக் கம்பி, தள்ளுவண்டி, கேட் எல்லாவற்றுக்கும் அடிப்பார்கள். டப்பாவில் மிச்சம் இருப்பதை எங்கள் சைக்கிள், டிபன் கூடை, இரும்புக் கொக்கிக்கு அடித்துக்கொள்ளலாம். மேஸ்திரியே பிரஷ் பிடிப்பார்.

அடித்துக் காய்ந்த பிறகு அடையாளம் போடுவார். கம்பெனிப் பொருளுக்கு வெள்ளையில் நம்பர். எங்கள் பொருளுக்கு எங்கள் அடையாளம். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஆளுக்கு ஒரு குறி. முனுசாமி அண்ணனுக்குச் சூலம். எனக்கு மூன்று புள்ளி. எனக்குப் பெயர் எழுதத் தெரியும் என்று சொன்னேன். "இருக்கட்டும். பேரு எழுத பிரஷ்ஷு பெருசு" என்றார்.

சைக்கிளில் கைப்பிடிக்குக் கீழே, முன் குழாயில் வைப்பார். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று புள்ளி. வருஷா வருஷம் அதே இடம்.

செங்காவி, நீலம், பச்சை, சாம்பல். வெள்ளம் வந்த வருஷம் மறுபடி நீலம். "மாட்டுப் பொங்கலுக்கும் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கணும்" என்று கிண்டல் செய்வார்கள். கொம்பு வண்டி என்று பெயரே வந்துவிட்டது. பழவேற்காட்டு உப்புக் காற்றில் எங்கள் பக்கத்து சைக்கிள் ஐந்து வருஷம் தாங்காது. இது தாங்கியது. மேலே எருமைத் தோல் மாதிரி பெயின்ட்.

மேஸ்திரி இறந்தார். பெரிய முதலாளியும் இறந்தார். பிரஷ் முனுசாமி அண்ணன் கைக்கு வந்தது.

டீக்கடையில் ஒரு சென்னைக்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னைக்காரர்கள் ஜி.என்.டி. ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருவார்கள். தலையில் தொப்பி, உடம்போடு ஒட்டிய டிரஸ். டீக்கடையில் நிறுத்தி வாழைப்பழம் சாப்பிடுவார்கள். சர்க்கரை இல்லாத டீ கேட்பார்கள்.

போன கோடையில் ஒரு ஞாயிறு. நானும் முனுசாமி அண்ணனும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் என் வண்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் பழம் பாதி உரித்தபடி இருந்தது. பெயர் ரகு. கம்ப்யூட்டர் வேலை.

"அம்மா, இந்த ஹேண்டில்பார் எங்க கிடைச்சது?"

"சைக்கிளோட."

"சைக்கிள் எங்க கிடைச்சது?"

"குப்பையில."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சீட் குழாயைப் பார்த்ததும் முகம் கோணிற்று.

"ஐயோ, இங்க யாரு கிரைண்டர் வச்சது?"

"நாந்தான்" என்றார் அண்ணன். "இன்னா இப்போ?"

ரகு எழுந்தார். "அம்மா, நான் உங்களுக்குப் புது கியர் சைக்கிள் ஒண்ணு வாங்கித் தரேன். பில்லோட. இதை எனக்குக் குடுத்துடுறீங்களா?"

அண்ணன் என் காதில் சொன்னார். "புதுசைக் குடுத்துப் பழசை வாங்கறவன் ஒண்ணு பைத்தியம், இல்லாட்டி வெவரமானவன்."

ரகுவின் ஷூவைப் பார்த்தேன். பைத்தியம் இல்லை.

"இது இன்னா வெலை போவும்னு மொதல்ல சொல்லுங்க" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல மனுஷன். பொய் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து சொன்னார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் மலையில் ஓட்டுகிற சைக்கிள் கடையில் கிடைக்காதாம். ஆசைப்பட்டவர்கள் தங்கள் கொட்டகையில் தாங்களே குழாய் வெட்டி ஒட்டிச் செய்துகொண்டார்கள். அந்தக் காலத்து வண்டிகளுக்கு இப்போது மதிப்பு அதிகம். கொம்பு மாதிரிக் கைப்பிடி அந்தக் காலத்து அடையாளம். ஆனால் இது யார் செய்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"யார் செஞ்சதுன்னு தெரிஞ்சா வெலை. தெரியலைன்னா பழைய இரும்பு" என்றார்.

"பழைய இரும்பு வெலை எனக்குத் தெரியும். மீதியை நீங்க பாருங்க" என்றேன்.

பதினொன்று

வண்டியைத் தலைகீழாக நிறுத்தினோம். பெடல் அச்சு இருக்கிற இடத்துக்கு அடியில் ரகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அரைமணி நேரம் தேய்த்தபின் ஓர் எண் தெரிந்தது. பதினொன்று. அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை.

ரகு படம் எடுத்து, பழைய சைக்கிள் சேர்ப்பவர்கள் பேசிக்கொள்கிற இடத்தில் இணையத்தில் போட்டார். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு கேலி வந்தது. மூட்டை தூக்குகிற வண்டி என்றான் ஒருவன். பெயின்ட் கடைக்காரன் விளம்பரமா என்றான் இன்னொருவன். ரகு வருத்தப்பட்டார். எனக்கு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை அதே வண்டியில்தான் வேலைக்குப் போனேன்.

தைல வாசனையையும் ஊசி இலையையும் பற்றி நான் ரகுவிடம் சொல்லியிருந்தேன். பொறியின் நுனியில் ஈட்டி நின்றதை அண்ணன் சொல்லியிருந்தார். ரகு அதையும் எழுதிப் போட்டார். அதைப் படித்துவிட்டுத்தான் பதில் வந்தது. அமெரிக்காவில் ஊசியிலை மரங்கள் சூழ்ந்த ஒரு மலை ஊரிலிருந்து ஒரு பெரியவர். வயது எண்பதை நெருங்குகிறது. ரகு தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

கொட்டகையில் அவர் மொத்தம் பத்தொன்பது வண்டிதான் செய்தாராம். பிறகு குழாய் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டார். பதினொன்றாவது வண்டியை ஒரு மரம் வெட்டுகிறவர் வாங்கினார். அவர் செத்த பிறகு அவர் வீட்டுக் கொட்டகையைக் காலி செய்தவர்கள் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். "உருகிப்போயிருக்கும் என்று நினைத்தேன்" என்று எழுதியிருந்தார்.

ஆனால் அவர் உடனே நம்பிவிடவில்லை. எண்ணை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

"ஆமா, நம்பரு அடிக்கற பஞ்ச் செட்டு நம்ம பட்டறையிலகூடத்தான் கெடக்குது" என்றார் அண்ணன்.

பெரியவர் ஓர் அடையாளம் சொன்னார். வண்டிகளுக்கு அவர் மனைவிதான் பெயின்ட் அடித்தார். மஞ்சள் நிறம். முன் குழாயில் பிரஷ்ஷால் ஒரு பச்சை வெட்டுக்கிளி வரைவார். பதினொன்றாவது வண்டியில் வெட்டுக்கிளிக்கு ஒரு கால் போட மறந்துவிட்டார். ஐந்து கால்தான். அந்த வெட்டுக்கிளி இருந்தால் அது தான் செய்த வண்டிதான் என்றார் பெரியவர்.

"இருந்தா எவ்ளோ?" என்று கேட்டேன்.

ரகு தொண்டையைச் செருமினார். "நாலு லட்சத்துக்குக் குறையாது."

முனுசாமி அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அதுல ரெண்டு தடவ கிரைண்டர் வச்சேன் நானு" என்றார்.

பெயின்டைச் சுரண்ட வேண்டும். முன் குழாயில். மேஸ்திரியின் புள்ளிகள் இருக்கிற அதே இடம். மனசு வரவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்றேன். அந்த ஒரு வாரத்துக்குள் செய்தி ஆளுக்கு ஆள் போனில் சுற்றி மேனேஜர் போனுக்கும் போய்விட்டது.

மால் மாலோட

மேனேஜர் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னபோது, "எழுத்துல இருக்கா?" என்று கேட்டார். முனுசாமி அண்ணன் சாட்சி சொன்னார். "நீ அவளோட சேர்ந்து டீ குடிக்கிறவன்" என்றார் மேனேஜர்.

வண்டியைக் குவியல் ஓரத்தில் சாய்க்கச் சொன்னார். "மால் மாலோட இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சின்ன முதலாளி வரார். அவர் முடிவு பண்ணுவார்."

அது திங்கட்கிழமை, கேட்டில் என்னை இறக்கிவிட்ட அதே நாள். நாலு நாள் நடந்தேன். வெயிலுக்கு ஒன்றும் குறைவில்லை.

தூரத்தைப் பற்றிக் கவலை இல்லை. காந்தக் கிரேன்தான் கவலை. அது சுழலும்போது கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காது. ஒட்டினால் தூக்கும். தூக்கினால் உலை. கிரேன் ஓட்டுகிறவனிடம் போய் நின்றேன். நான் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை.

"தெர்யும்க்கா. அந்தப் பக்கம் சுத்த மாட்டேன். போ" என்றான்.

நாலு நாளும் சாப்பாட்டு நேரத்தில் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நாலு லட்சம் ஞாபகம் வந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிட அதிகம் ஞாபகம் வந்தது திருட்டு என்ற அந்த ஒரு வார்த்தைதான். இருபத்து நாலு வருஷம் இந்த யார்டில் பித்தளையும் செம்பும் என் கை வழியாகப் போயிருக்கிறது. ஒரு திருகாணி வீட்டுக்குப் போனதில்லை.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது எடைமேடைக் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தேன். லாரி உரசி ஓர் இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது. உள்ளே நிறம் நிறமாக அடுக்கு. நீலம், சாம்பல், பச்சை.

விரல் நகத்தால் அடுக்குகளைத் தொட்டு எண்ணினேன். பிறகு முனுசாமி அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, பெயின்ட் தேய்க்கற எமரி பேப்பர் கெடைக்குமா? நைசு."

வெள்ளிக்கிழமை

சின்ன முதலாளி கார் பத்து மணிக்கு வந்தது. ரகு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வேலை நடக்கவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் எல்லாரும் எடைமேடைப் பக்கம் நின்றார்கள்.

மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னார். சின்ன முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீ இன்னாம்மா சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். பெயின்ட்டைச் சுரண்டிப் பாக்கணும். வண்டியையும் இந்தக் கம்பியையும். பக்கத்துல பக்கத்துல."

"எதுக்கு?"

"பாருங்க சார்."

முனுசாமி அண்ணன் உட்கார்ந்தார். தண்ணீரில் எமரியை நனைத்தார். மேல் புள்ளியைத் தொடவில்லை. நடுப்புள்ளியில் ஆரம்பித்தார். வட்டமாகத் தேய்த்தார். அழுத்தவில்லை. நடுவில் ஆழமாக, ஓரத்தில் மேலாக. கார் பட்டறையில் தேய்ப்பது மாதிரி. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாகத் தெரிய ஆரம்பித்தன.

இன்னொரு ஆள் எடைமேடைக் கம்பியில், நம்பர் எழுதிய இடத்தில் அதே மாதிரி தேய்த்தான்.

மேலே பச்சை. அங்கேயும் பச்சை. அதற்குக் கீழே சாம்பல். அங்கேயும். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள், ஏலம் மாதிரி. "நீலம்!" "இங்கயும் நீலம்!" "வெள்ளம் வந்த வருசம்டா அது!"

"கொரோனா வருசம் எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

அந்த வருஷம் யார்டு மூடியிருந்தது. பூஜை இல்லை, பெயின்ட் இல்லை. வண்டியில் அந்த வளையம் இல்லை. கம்பியிலும் இல்லை.

ஆனால் மேனேஜர் சும்மா இருக்கவில்லை. "சரிதானே சார்? கம்பெனி பெயின்ட். அப்ப கம்பெனி பொருள்தானே?" என்றார்.

அண்ணன் தலையைத் தூக்கினார். சிரித்தார். நாலு நாளாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"கிட்ட வந்து பாருங்க சார். கம்பியில ஒவ்வொரு கோட்டுலயும் வெள்ளையா இன்னா இருக்குது? நம்பரு. கம்பெனி பொருளுக்கு நம்பரு. வண்டியில ஒவ்வொரு கோட்டுலயும் இன்னா இருக்குது?"

எல்லா வளையத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பிறை. புள்ளியின் ஓரம். பச்சையின் மேல் ஒன்று, சாம்பலின் மேல் ஒன்று, நீலத்தின் மேல் ஒன்று. அடி வரை.

நான் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன். மூன்று புள்ளி. டிபன் கூடையை வைத்தேன். மூன்று புள்ளி. கொக்கியை வைத்தேன்.

"புள்ளி யார் வேணா வைக்கலாம்" என்றார் மேனேஜர். சத்தம் குறைந்திருந்தது.

"வைக்கலாம் சார்" என்றார் அண்ணன். "இருவத்தியோரு பெயின்ட்டுக்கு உள்ள பூந்து இன்னிக்கு வச்சுட்டு வர ஆளு இருந்தா காட்டுங்க. நான் வேலைய வுட்டுடறேன்."

யார்டே சிரித்தது. வாட்ச்மேன்கூடச் சிரித்தார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"திருடிக்கினு போன வண்டிக்கு வருசா வருசம் கம்பெனி மேஸ்திரியே பெயின்ட் அடிச்சு, எம்பேர்ல குறி போட்டுக் குடுப்பாரா சார்?"

சின்ன முதலாளி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கடைசி வளையம் செங்காவி. முதல் வருஷத்துக் காவி. அதற்கடியில் பழைய மண்ணும் தாரும் போய் மஞ்சள் வந்தது. கடுகுப் பூ மாதிரி மஞ்சள். ரகு முட்டி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் எமரியை வைத்துவிட்டு ஈரத்துணியும் விரல் நகமுமாக மெதுவாகப் போனார். பச்சையாக ஒரு தலை. ஒரு மீசை. வயிறு.

ரகு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." நிறுத்தினார். "அஞ்சு."

"இன்னும் தேய்ங்க" என்றார் சின்ன முதலாளி. அவரும் குனிந்துவிட்டார்.

தேய்த்தார். மஞ்சள்தான் இருந்தது. ஆறாவது கால் இல்லை.

யார் முதலில் விசில் அடித்தார்கள் என்று தெரியாது. கிரேன்காரன் மேலிருந்து சைரனை அழுத்திவிட்டான். உள்ளே உலைப் பக்கம் இருந்தவர்கள் ஏதோ வெடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். வெட்டுக்கிளியைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள்.

ஆறாவது கால்

ரகு படத்தை அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. பெரியவர் அழுதாராம். அவர் மனைவி அழவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஆறு கால்தான் போட்டேன். சுரண்டியவர்கள் ஒன்றைச் சுரண்டிவிட்டார்கள்" என்று சொன்னாராம். நாற்பது வருஷமாக இதே சண்டையாம்.

முனுசாமி அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. "நான் ஒரு ரோமத்தைக்கூட எடுக்கல, அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்று ரகுவுக்கு மூன்று முறை போன் போட்டார்.

வண்டியை விற்பேனா என்று கேட்கிறார்கள். ரகு ஞாயிறுதோறும் வருகிறார். விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. அது என் இஷ்டம். விற்கிறவள் நான், வைத்துக்கொள்கிறவளும் நான். இப்போதைக்குப் பின் டயருக்குப் பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு பூட்டு வாங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்ப வருகிறேன்.

பாஸ்

சின்ன முதலாளி நிமிர்ந்தார். கையில் பட்ட ஈரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாஸ் எழுதிக் குடுங்க" என்றார்.

மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்தார். "நீங்க எழுதுங்க" என்றார் சின்ன முதலாளி அவரிடமே.

மேனேஜர் பாஸ் புத்தகத்தை எடைமேடைக் கம்பிமேல் வைத்து எழுதினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். பொருள்: சைக்கிள், ஒன்று. அடுத்த இடத்தில் பேனா நின்றது.

"எடை போடணுமா சார்?"

சின்ன முதலாளி மேடையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அவர் சின்னப் பையனாக அப்பாவோடு பூஜைக்கு வந்து பொரி தின்றவர்.

"வேணாம். பூஜை அன்னிக்கு எடுத்தது."

எடை என்ற இடத்தில் மேனேஜர் ஒரு கோடு போட்டார். உரியவர்: எஸ்தர். புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடத் தெரியுமாம்மா?"

தெரியும். பேனாவை வாங்கினேன். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று புள்ளி வைத்தேன்.